தோல் டொக்டருக்கு ஒரு கேள்வி

நவம்பர் 12ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை 9.20. மழை பெரிதாக இல்லை. ஆனால் வடகீழ்க் காற்று தூறலைச் சரித்து ஓட்டோவுக்குள் அடித்தது. என் இடது தோள் நனைந்து, வலது தோள் காய்ச்சலில் கொதித்த நிலையில்தான் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினேன். வயது எழுபத்தாறு. காய்ச்சல் தொடங்கி ஆறாம் நாள். குடாநாட்டில் உள்ள ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி என்பதற்கு மேல் அதன் பெயர் இங்கே தேவையில்லை.

முதல் ஐந்து நாளும் பண்டத்தரிப்பில் வீட்டிலேயே கிடந்தேன். இரண்டு தடவை பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போய், இருபத்திரண்டு பனடோல் விழுங்கினேன். காய்ச்சல் ஒவ்வொரு நாளும் பின்னேரம் 103க்கு ஏறி, விடிய 101க்கு இறங்கியது. 99ஐ ஒரு தரமும் தொடவில்லை. இவற்றையெல்லாம் ஒரு பழைய டயறியில் எழுதியிருந்தேன். முப்பத்தாறு வருடம் தபால் திணைக்களத்தில் வேலை பார்த்து, தபால் அதிபராக ஓய்வு பெற்றவன் நான். எண்ணாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

ஆண்கள் வாட்டில் எனக்குக் கிடைத்தது பத்தொன்பதாம் கட்டில். மேலே மின்விசிறி சுற்றும்போது நான்காவது சுற்றுக்கு ஒரு தரம் கிரீச்சிட்டது. பதினெட்டாம் கட்டிலில் குருநகரைச் சேர்ந்த அந்தோனி என்ற கடற்தொழிலாளி. வயது அறுபது, இருதய வருத்தம், வாய்க்கு மட்டும் ஒரு வருத்தமும் இல்லை.

என்னை விசாரித்தவர் பயிற்சியில் இருக்கும் ஒரு பெண் டொக்டர். பெயர் தர்சிகா. என் பேத்தியை விட இரண்டு வயதுதான் கூட இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். முப்பத்தொரு கேள்வி கேட்டார். டயறியைக் கொடுத்தபோது ஒரு பக்கத்தையும் விடாமல் பார்த்தார். டெங்கு இல்லை என்று இரத்தம் சொன்னது. எலிக்காய்ச்சலாக இருக்குமோ என்று வயலில் இறங்கினேனா எனக் கேட்டார். இல்லை என்றேன், அது உண்மை. "பற்றை, காடு எங்கையும் போனீங்களோ ஐயா?" என்று கேட்டார். அதற்கும் இல்லை என்றேன். அது பொய்.

பொய்க்குக் காரணம் பக்கத்தில் நின்ற என் மனைவி. மயிலிட்டியில் எங்கள் காணி இருபத்தெட்டு வருடம் எங்கள் கையில் இல்லை. இராணுவம் அதை விட்டபோது இடுப்பளவு பற்றையாக இருந்தது. பாம்பும் வெடிபொருளும் கிடக்கும், துப்புரவாக்காமல் அங்கே கால் வைக்கக்கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். காய்ச்சலுக்குப் பதினொரு நாள் முன்னர் பென்சன் அலுவல் என்று சொல்லிவிட்டு நான் அங்கே போனேன். எத்தனை பனை மிஞ்சியிருக்கிறது என்று எண்ணினேன். நாற்பத்திமூன்று. அந்தக் கணக்கை அவளுக்கும் சொல்லவில்லை, டொக்டருக்கும் சொல்லவில்லை. பனை எண்ணுவதற்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

மனைவியை வெளியே அனுப்பிவிட்டு டொக்டர் உடம்பைப் பார்த்தார். காதுக்குப் பின்னால், அக்குளில், தலைமயிரைப் பிரித்து, காலின் பத்து விரல் இடுக்கிலும் பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் முடிச்சுக்குக் கை வந்தபோது இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்கை ஒண்டுமில்லைப் பிள்ளை."

"புண், பொருக்கு ஏதும்?"

"இல்லை."

அது இரண்டாவது பொய். கவட்டில் ஒரு பயறளவில் கறுத்த பொருக்கு ஒன்று இருந்தது. சாரம் உரஞ்சியதால் வந்தது என்று இருந்துவிட்டேன். நோகவும் இல்லை, அரிக்கவும் இல்லை. நோகாத ஒன்றைப் புண் என்று நான் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அந்தப் பிள்ளைக்குக் காட்டியிருக்க மாட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. போர்வையை என் இடுப்புவரை இழுத்துவிட்டு, கட்டில் கால்மாட்டில் தொங்கிய மட்டையில் ஏதோ எழுதினார். வாட்டுக்குப் பொறுப்பான பெரிய டொக்டரும் பெண். அந்த வாரம் எங்கள் வாட்டில் இருந்த மற்ற டொக்டர்மாரும் பெண்கள்தான்.

இனி நடந்தது விளங்குவதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வாட்டின் டொக்டர், தன் துறைக்கு வெளியே உள்ள ஒரு நிபுணரை வந்து இந்த நோயாளியைப் பாருங்கள் என்று எழுதிக் கேட்பதை அங்கே றெஃபர் என்கிறார்கள். ஒரு தாளில் விவரம் எழுதிச் சிற்றூழியரிடம் கொடுப்பார்கள். அவர் அதை அந்த நிபுணரின் இடத்துக்குக் கொண்டுபோவார். நிபுணர் வந்து பார்த்து, அதே தாளில் பதில் எழுதுவார். எனக்கு இது உடனே விளங்கியது. இது தபால்தான். விலாசம் சரியாக இருக்க வேண்டும், அவசரமா சாதாரணமா என்று தெரிய வேண்டும், உள்ளே ஒரு செய்தி இருக்க வேண்டும்.

எனக்காகப் போன முதல் தாள் இருதய டொக்டருக்கு. ஈசிஜியில் துடிப்பு ஓர் இடத்தில் தடுமாறியது. அடுத்த நாளே வந்தார். நெஞ்சில் பசை தடவி, திரையில் என் இருதயம் திறந்து மூடுவதை எனக்கும் காட்டினார். எழுபத்தாறு வருடம் ஒரு நாளும் லீவு எடுக்காமல் வேலை செய்த ஒன்றை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சலால் வந்த தடுமாற்றம், இருதயத்தில் பழுதில்லை, கேட்டது நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது, வயிற்று நோவுக்காகச் சத்திரசிகிச்சைப் பக்கம். ஓர் இளம் டொக்டர் வந்து நாலு இடத்தில் அமத்திவிட்டு, முதலில் ஸ்கான் எடுங்கள், பிறகு கூப்பிடுங்கள் என்று ஒரு வரி எழுதினார். முகத்தில் சலிப்புத் தெரிந்தது. மூன்றாவது சிறுநீரகம். அதற்கு எழுதிய தாள் மட்டையை விட்டுப் போகவில்லை. தர்சிகா தொலைபேசியில் கேட்டார், இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது, சேலைன் அளவு மாறியது.

நான்காவதுதான் என்னால் வந்த வெட்கம். புதன்கிழமை பின்னேரம் வாட்டில் உள்ள கட்டில்களை எண்ணினேன், முப்பத்தொன்று. மனைவி வந்தபோது திரும்ப எண்ணிக் காட்டினேன், முப்பத்திமூன்று. அவள் முகம் வெளிறிவிட்டது. எங்கள் வீட்டில் என் எண்ணிக்கை பிழைப்பதென்றால் கூரை சரிவது போல. உடனே கனடாவில் இருக்கும் மகளுக்கு வாட்சப்பில் சொன்னாள். மகள் ஆஸ்பத்திரிக்கு மூன்று தரம் அழைப்பெடுத்து, அப்பாவுக்கு மூளையில் ஏதோ, நரம்பு டொக்டர் பார்க்காவிட்டால் மேலிடத்துக்கு எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறாள். நான்காவது தாள் போனது.

"போஸ்ட்மாஸ்டரய்யா," என்றார் அந்தோனி, "உங்களைப் பாக்க வாற டொக்டர்மாருக்கு ரிக்கற் வித்தால் எனக்கு ஒரு புது வலை வாங்கலாம். என்னட்டை ஒருத்தர்தான் வாறார். அவரும் உங்களைப் பாத்திட்டுப் போற வழியிலை."

நரம்பு டொக்டர் வியாழன் காலை வந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். நான் தொண்ணூற்றிமூன்றில் தொடங்கி இரண்டு வரை ஒரே மூச்சில் வந்தேன். போதும் போதும் என்று அவர் நடுவில் இரண்டு தரம் சொன்னது எனக்குக் கேட்டது, ஆனால் விட மனமில்லை. சிரித்துவிட்டு, தர்சிகாவின் பக்கம் திரும்பி, அந்தத் தாளை விரித்துக் காட்டினார்.

"இதிலை ஒரு பக்கம் எழுதியிருக்கிறீங்கள். என்னட்டை என்ன கேக்கிறீங்கள்?"

தர்சிகா தாளை வாங்கிக்கொண்டார். "கேள்வி மகளின்ரை, சேர்," என்றார்.

"அப்ப பதிலை நீங்கள் மகளுக்குச் சொல்லியிருக்கலாம். நான் கீழை பாரிசவாதம் வந்த ஒரு ஆளை விட்டிட்டு வந்தனான்."

சத்தம் போடவில்லை. அதனால்தான் உறைத்தது. என் கட்டிலில் அவர் நின்றது பதின்மூன்று நிமிடம். அந்தப் பதின்மூன்று நிமிடமும் கீழே இருந்த அந்த மனிதனுடையது. உள்ளே ஒன்றும் இல்லாத கடிதத்தை எக்ஸ்பிரஸில் அனுப்பியது நாங்கள். வசவு கேட்டது அந்தப் பிள்ளை.

அன்று பின்னேரம் எனக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. விரலில் மாட்டும் கருவி 91 காட்டியது. அது இரத்தத்தில் உள்ள ஒட்சிசனின் அளவு, 95க்கு மேல் இருக்க வேண்டுமாம். முகத்துக்கு மாஸ்க் போட்டார்கள். எக்ஸ்றேயில் இரண்டு நுரையீரலிலும் மூடுபனி போல. போத்தலில் ஏறிக்கொண்டிருந்த மருந்து வேலை செய்யவில்லை என்பது அவர்கள் மெல்லப் பேசிய விதத்திலேயே தெரிந்தது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இருக்கிறதா என்று யாரோ கேட்டார்கள். நான் மின்விசிறியின் கிரீச்சொலியை எண்ணினேன். ஐந்நூற்றுப் பன்னிரண்டில் விட்டுவிட்டேன். இனி எண்ணி என்ன என்று நான் நினைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

வெள்ளிக்கிழமை காலை 8.10க்குப் பெரிய டொக்டர் சுற்றி வந்தார். மட்டையைப் புரட்டினார். காலையில் தர்சிகா எழுதி, கையெழுத்துக்காக வைத்திருந்த ஐந்தாவது தாள் அதில் இருந்தது. பெரிய டொக்டர் ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு விளங்காது என்று நினைத்திருப்பார். என் வேலையின் அரைவாசி ஆங்கிலத்தில்தான் நடந்தது.

இரவோடு என் நெஞ்சில் தெரிந்திருந்த நாலு மங்கல் புள்ளிக்குத் தோல் டொக்டரா என்று கேட்டார். இந்த மனிதருக்கு மூன்று நாளில் நாலு அபிப்பிராயம் எடுத்தாகிவிட்டது, நாங்கள் என்ன தபால் கந்தோரா நடத்துகிறோம் என்றார்.

மாஸ்குக்குள் எனக்குக் கோபம் வந்தது. தபால் கந்தோரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.

தர்சிகா, "ஒரேயொரு கேள்விதான் மெடம். அனுப்ப வேணும் எண்டு நினைக்கிறன்," என்று மட்டும் சொன்னார். நரம்பு டொக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆனாலும் தாளைத் திருப்பி எடுக்கக் கை நீளவில்லை. பெரிய டொக்டர் தாளை முதலிலிருந்து படித்தார். ஓர் இடத்தில் நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, இதை இப்போதே கொண்டுபோகச் சொல்லுங்கள் என்றார்.

11.50க்குத் தோல் டொக்டர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், வழுக்கை, நெற்றியில் காலையில் பூசிய திருநீறு பாதி அழிந்திருந்தது. என் புள்ளிகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திரையை நாலு பக்கமும் இழுத்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணை, சாரத்தை அவிழுங்கோ."

"அங்கை ஒண்டும்..."

"நானும் சாரம் கட்டுற ஆள்தான். அவிழுங்கோ."

அவிழ்த்தேன். சின்ன டோர்ச் ஒன்றை அடித்தார். நான்கு நிமிடம்கூட இல்லை. "ஆ," என்றார், கடையில் தேடிய பொருள் கிடைத்தவர் போல. பிறகு என் கையைப் பிடித்து, படுத்திருந்த எனக்குத் தெரியும்படி கைக்கண்ணாடி ஒன்றைச் சரித்துக் காட்டினார். சுருட்டால் சுட்டது போன்ற கறுத்த வட்டம், சுற்றிவரச் சிவப்பு.

உண்ணிக்காய்ச்சல். பற்றைக்குள் புல்லில் இருக்கும் உண்ணி, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, உடம்பில் ஏறி மறைவான மடிப்பைத் தேடிக் கடிக்கிறது. கடித்தது தெரியாது, நோவு இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ச்சல். இருதயத்தைத் தடுமாறச் செய்யும், சிறுநீரகத்தைத் தொடும், வயிறு நோகும், மூளை குழம்பும், நுரையீரலை மூடும். நாலு நிபுணரிடம் போன நாலு வருத்தமும் ஒரே வருத்தம்தான். அதன் கையெழுத்து, நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்ட முடிச்சுக்குக் கீழே இருந்தது.

திரையைத் திறந்தபோது தர்சிகா வெளியே நின்றார். தோல் டொக்டர் தாளில் ஒரு சொல் எழுதி அவரிடம் கொடுத்தார். "கிழமைக்குப் பத்துப் பதினைஞ்சு தாள் வருது எனக்கு. வந்து பாத்தாப் பிறகும் என்னத்துக்கு வந்தனான் எண்டு தெரியாது. இதுக்கு வரேக்கையே தெரியும்," என்றார்.

12.25க்கு முதல் குளிசை தந்தார்கள். காலை ஒன்று, மாலை ஒன்று, ஏழு நாள். பதினான்கு குளிசை. அவ்வளவுதான். நாற்பத்திரண்டு மணித்தியாலத்தில், ஞாயிறு காலை 6.25க்கு, தாதி காய்ச்சல் கம்பியைப் பார்த்துவிட்டு 98.4 என்றார். திரும்பப் பார்க்கச் சொன்னேன். 98.4. வாட்டின் கட்டில்களை எண்ணினேன், முப்பத்தொன்று. மூன்று தரம் எண்ணினேன், முப்பத்தொன்றேதான். யன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை எண்ணவில்லை. பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மட்டை என் கட்டிலில் விடப்பட்டிருந்த ஒரு மத்தியானம் அந்த ஐந்தாவது தாளைப் படித்தேன். படிக்கக்கூடாதுதான். தந்தி எண்ணிப் பழகிய கண், சொற்களை எண்ணியது. ஆங்கிலத்தில் இருபத்தொன்று. எழுபத்தாறு வயது ஆண், ஒன்பது நாள் காய்ச்சல், மங்கலான புள்ளிகள். முழு உடம்பையும் நாங்கள் பார்ப்பதற்கு நோயாளி சம்மதிக்கவில்லை. கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று இன்றைக்குப் பார்க்க முடியுமா. இதுதான் செய்தி. பெரிய டொக்டரின் கண் நின்றது எந்த இடத்தில் என்று எனக்கு அப்போது விளங்கியது. புள்ளி ஒரு சாட்டு. அந்தப் பிள்ளை தேடியது தோல் அறிவை அல்ல, எனக்கு முன்னால் கதிரை போட்டு உட்காரக்கூடிய ஓர் ஆம்பிளையை. கிழவன் பொய் சொல்கிறான் என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எல்லோர் முன்னிலையிலும் பேச்சு வாங்கியபோதுகூட என் சாரத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எத்தனையோ ஆயிரம் கடிதங்களுக்கு முத்திரை குத்தியிருக்கிறேன். இப்படிப் பக்குவமாக மூடி, இவ்வளவு சரியான விலாசம் போட்ட கடிதம் ஒன்றை நான் கண்டதில்லை.

20ஆம் திகதி புதன்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். தர்சிகாவுக்கு அன்று ஓய்வு நாள். பெரிய டொக்டர் மத்தியானம் வந்தபோது மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மட்டையில் இரண்டு பிழை இருக்கிறது, திருத்த வேண்டும் என்றேன். மயிலிட்டிக் காணியையும் சொன்னேன், பொருக்கு இருந்தது தெரிந்தும் இல்லை என்றதையும் சொன்னேன்.

மனைவி கையில் இருந்த சேட்டை மடிக்காமல் நின்றாள். "பென்சன் அலுவல்?"

"நாப்பத்திமூண்டு பனை நிக்குது."

"முப்பத்தொரு கட்டிலுக்கை இருந்து உங்களை உயிரோடை எடுத்தாச்சு. இனி அந்தப் பனையளை எண்ணப் போனால் நான் வந்து வேலிப் படலையைச் சாத்துவன்," என்றாள். கண்ணீரைத் துடைக்க என் சேட்டையே எடுத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்து அந்தோனி, "நாங்கள் இதைச் சுவாமியாரிட்டைச் சொல்லுவம். முழங்காலிலை நிக்க வேணும். உங்களுக்குக் கட்டிலிலை இருந்தே பாவமன்னிப்பு," என்றார்.

பெரிய டொக்டர் சிரிக்கவில்லை. என் பேனையை வாங்கி, மட்டையில் இரண்டையும் எழுதினார். பிறகு தமிழில் சொன்னார்.

"அடுத்த நாள் எப்பிடியும் அந்த மருந்தைத் தொடங்கியிருப்பன். ஆனால் உங்கடை நுரையீரலுக்கு அந்த ஒரு நாள் இருந்திருக்குமோ எண்டு எனக்குத் தெரியாது. இஞ்சை பயத்திலை எழுதுவினம், வீட்டுக்காரருக்காக எழுதுவினம், தெரியாமலும் எழுதுவினம். தெரியாமல் எழுதுறதிலை பிழையில்லை, ஐயா. பாக்காமல் எழுதுறதுதான் பிழை. பிள்ளை பாக்க வந்தது. நீங்கள்தான் விடேல்லை."

தபால் கந்தோர் பற்றிச் சொன்னதற்கு மறுமொழி ஒன்று ஐந்து நாளாக ஆயத்தமாக வைத்திருந்தேன். சொல்லவில்லை.

காசு எங்கே கட்டுவது என்று தாதியிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஐந்து துறையின் டொக்டர்மார், பதினொரு இரத்தப் பரிசோதனை, மூன்று எக்ஸ்றே, எட்டு இரவு, பதினான்கு குளிசை. ஆஸ்பத்திரிக்கு நான் கொடுத்தது ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், வாட்டின் விலாசத்துக்கு, தர்சிகாவின் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். நாலு தரம் கிழித்து, ஐந்தாம் தரம் இப்படி எழுதினேன்:

"காய்ச்சல் இல்லை. பசி உண்டு. பற்றைக்குள் போனேன், இல்லை என்றேன். புண் இருந்தது, இல்லை என்றேன். பிழை என்னுடையது. உங்கள் கேள்வி சரியான விலாசத்துக்குப் போனது. உயிரோடிருக்கிறேன் பிள்ளை."

எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்று. நானே நடந்து போய்ப் பண்டத்தரிப்புத் தபாற் பெட்டியில் போட்டேன்.

டிஸ்பென்சரிக்கு இரண்டு தரம், ஓட்டோவுக்குப் போகவும் வரவும், மனைவியின் பதினாறு பஸ் பயணம், ஒரு பிளாஸ்க், சவர்க்காரமும் சில்லறையும், கடைசியாக அந்தக் கடிதத்துக்கு ஐம்பது ரூபா முத்திரை. எல்லாம் சேர்த்து இந்த வருத்தம் எனக்கு வைத்த செலவு பதின்மூவாயிரத்து அறுபது ரூபா.